புள்ளி விழாத தெருக்கள்: ஒரு கிளை நூலகத்துக்கு இடம் தேடிய நிகழ்வு ஆய்வு

தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், ஆரியங்காவுக் கணவாயின் காற்று நேரே வந்து படும் மலையடிவாரத்தில், செங்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஒரு பேரூர் இருக்கிறது. அவ்வூரின் கிளை நூலகம் நெடுங்காலம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்ததையும், பல இடங்களைப் பார்த்துக் கழித்தபின் ஊர் நடுவே பூட்டிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக் கட்டடத்துக்கு அது குடிபெயர்ந்ததையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. வீட்டு உரிமையாளர், கொடையாளர், அலுவலர் என எவருக்கும் இதனால் சங்கடம் வரக் கூடாது என்பதால் ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. எழுதுபவர் அந்நூலகத்தின் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவர். தொடக்கம் முதலே இம்முயற்சியில் இருந்தவர். நூலகத்தின் பக்கம் நின்றே இதை எழுதுகிறார்.

வாடகை வீடு

நூலகம் இருந்தது வடக்கு ரத வீதியில், ஓடு வேய்ந்த ஒரு பழைய வீட்டின் முன்கட்டில். தெருவை ஒட்டிய திண்ணை நாளிதழ் படிக்கும் இடம். அதை அடுத்த பட்டாசாலையில் நூல் அடுக்குகள். அதற்கும் உள்ளே, பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஓர் அறையில் பழைய வார இதழ்களின் கட்டுகள். வாசிப்பில் விருப்பம் கொண்டிருந்த ஒரு வணிகர் அந்த முன்கட்டை நூலகத்துக்கு விட்டிருந்தார். அரசு சார்ந்த அலுவலகம் தனியார் கட்டடத்தில் இயங்கினால், பொதுப்பணித் துறை தரும் வாடகை நிர்ணயச் சான்றைப் பின்பற்றியே வாடகை தரப்படும். அந்தத் தொகை கடைத்தெரு வாடகைக்கு அருகில்கூட வராது என்று தெரிந்தும் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவர் காலமான பின் சொத்து பாகப்பிரிவினைக்கு வந்தது. வாரிசுகள் நூலகத்தை விரட்டிவிட்டார்கள் என்று ஊரில் சிலர் பேசியது நியாயமன்று. மூத்தவர் வாசகர் வட்டத்தாரை வீட்டுக்கு அழைத்து, "அப்பா காலத்துல இருந்து நூலகம் இங்க இருக்கிறது எங்களுக்குப் பெருமைதான் அண்ணாச்சி; ஆனா தம்பிமாரும் தங்கச்சியும் பங்கு கேட்கையில நான் ஒருத்தன் எப்படி மறுக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அடுத்த சாரல் பருவத்துக்கு முன் காலி செய்து தந்தால் போதும் என்று அவர் தவணையும் கொடுத்தார்.

உண்மையில் அந்த வீடும் நூல்களுக்கு ஏற்ற வீடாக இல்லை. குற்றாலத்துக்கு நீர் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று இவ்வூரின் மேல் ஆனி, ஆடி முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும். கன மழை ஓட்டிலிருந்து வழிந்து ஓடிவிடும். சாரலோ ஓட்டின் இடுக்கு வழியே காற்றோடு உள்ளே இறங்கி நிற்கும். ஆடி மாதத்தில் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியை எடுத்தால் அதன் அட்டை உள்ளங்கையில் ஒட்டும். பளபளப்புத் தாளில் அச்சான படப் பக்கங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். நூலின் முதுகில் பசை போட்டிருந்த இடத்தை இராமபாணப் பூச்சி தின்று, தட்டினால் வெண்மாவாகக் கொட்டும். நூலகர் ஒவ்வோர் ஆண்டும் வேப்பிலையும் அந்துருண்டையும் வைத்துப் பார்த்தார். காற்றோட்டம் இல்லாத அறையில் அவற்றால் ஆனது சொற்பமே.

சட்டமும் இரண்டு மரபுகளும்

நூலகத்துக்கு இடம் தேடித் தருவது யார் பொறுப்பு என்ற கேள்வியில்தான் முதல் சில மாதங்கள் கழிந்தன. இதைப் புரிந்துகொள்ள வரலாற்றைச் சற்றே தொட வேண்டியிருக்கிறது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டு நிறைவேறியது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் நெடுநாள் முயற்சியும், அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் உறுதியும் அதன் பின்னணியில் இருந்தன. அச்சட்டத்தின்படி மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு அமைந்தது. உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்து வரியுடன் நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்பட்டு ஆணைக்குழுவுக்குச் செல்கிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதில் இந்த இனம் தனியாகவே அச்சிடப்பட்டிருந்தாலும், தாங்கள் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறோம் என்பதை அறிந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் மிகக் குறைவு.

செங்கோட்டை வட்டம் முதலில் திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. சென்னைச் சட்டம் நிறைவேறிய காலத்தில் இவ்வூர் அதன் எல்லைக்குள் இல்லை. அந்தப் பக்கத்தின் நூலக மரபு வேறு. கேரள நூலக இயக்கத்தின் முன்னோடியான பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி திருவிதாங்கூர் கிரந்தசாலை (நூலக) சங்கத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் கேரள கிரந்தசாலை சங்கமாக வளர்ந்து 1975-இல் எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா விருதைப் பெற்றது. அவர் மறைந்த ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே 1989-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் நூலகங்களை அரசுத் துறை எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் உறுப்பினர் கூடித் தேர்ந்தெடுக்கும் குழுவே நூலகத்தை நடத்துகிறது. மாநில நூலக மன்றம் இணைப்பும் தரமும் வழங்கி மானியம் தருகிறது. நிலமும் கட்டடமும் பெரும்பாலும் அந்தந்த நூலகத்துக்கே சொந்தம்.

கணவாயைத் தாண்டி அரைநாள் பயணத்தில் புனலூர், பத்தனாபுரம் பக்கம் போய் வந்தவர்கள், "அங்க ஊருக்கு ஊர் சொந்தக் கட்டடம் வச்சிருக்காங்க, நாம மட்டும் ஏன் திண்ணையில கிடக்கோம்?" என்று கேட்டார்கள். கேள்வி சரியானது. ஆனால் இரு மரபுகளையும் தராசில் வைத்து ஒன்றை உயர்த்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் நூலகர் அரசின் கீழ் ஊதியம் பெறுபவர். நூல்கள் மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்துசேர்கின்றன. ஊர்க்குழுவில் பிணக்கு வந்தாலும் நூலகத்தின் கதவு மூடப்படுவதில்லை. கேரளத்தில் பல ஊர்களில் நூலகர் சிறு மதிப்பூதியத்துக்குப் பணிபுரிகிறார். ஆனால் ஊருக்கு நூலகம் தன்னுடையது என்ற உணர்வு இருக்கிறது. எங்கள் ஊரில் குறைந்திருந்தது அந்த உணர்வே. "கவர்ன்மென்ட் நூலகம், கவர்ன்மென்ட்டே பார்த்துக்கிடட்டும்" என்ற பேச்சு முதல் கூட்டத்தில் பலமுறை எழுந்தது. ஆணைக்குழுவுக்கு நிலமும் கட்டடமும் தேடிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருந்தாலும், சிற்றூர்களில் நடைமுறை வேறு: உள்ளாட்சியோ ஒரு கொடையாளரோ வருவாய்த் துறையோ இடம் காட்டினால்தான் கோப்பு நகரும். இதை மாவட்ட நூலக அலுவலகத்தில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதே எங்களுக்கு உதவியாக இருந்தது.

பார்த்த இடங்கள்

முதலில் வந்த யோசனை பேருந்து நிலையத்தை ஒட்டிய பேரூராட்சி வணிக வளாகத்தின் மாடி. கீழே கடைகள், மேலே ஏலம் போகாமல் காலியாகக் கிடந்த பெரிய கூடம். பரப்பளவைக் கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்த மாடி நூல்களின் எடையைத் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. கட்டடத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்தான் கேட்டார். புத்தகம் கனமான பொருள். ஒரு மீட்டர் நீளத் தட்டில் நெருக்கி அடுக்கிய நூல்கள் ஏறத்தாழ 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். அப்படி ஐந்தாறு தட்டுகள் கொண்ட இரும்பு ரேக்குகள் இருபுறமும் நூல்களுடன் வரிசையாக நின்றால் தளத்தின் மேல் விழும் பாரம் சாதாரணமானதன்று. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவும், சில்லறைக் கடைகளுக்கு 400 கிலோவும், 2.2 மீட்டர் உயரம் வரை நூல் அடுக்கும் அறைக்கு 600 கிலோவும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அதற்கு மேல் உயரம் கூடினால் பாரமும் கூட்டப்பட வேண்டும். வளாகத்தின் வரைபடத்தை வாங்கிப் பார்த்ததில் மாடி கடைக்கென்று கட்டப்பட்டது தெரிந்தது. அடுக்குகளைச் சுவரோரம் மட்டும் நிறுத்தி நடுவில் மேசைகளைப் போடலாம் என்று ஒரு மாற்று வந்தது. ஆனால் படிக்கட்டின் கீழேயே மதுக்கடைக்குப் போகும் சந்து இருந்ததால், மாலையில் எந்தப் பெண்ணும் அங்கு ஏறிவர மாட்டார் என்ற எதிர்ப்பு எழுந்து, யோசனை அத்தோடு நின்றது.

அடுத்தது புறவழிச்சாலையில் உள்ள சமுதாய நலக்கூடம். இடம் விசாலம், தரைத்தளம், வாடகை கிடையாது. ஊரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போக வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு குறையே அதைத் தள்ளப் போதுமானதாக இருந்தது.

பின்னர் ஒருவர் கால்வாய்க்கு அப்பால் தம் நஞ்சை நிலத்தில் சில சென்ட் இடத்தைத் தானமாகத் தர முன்வந்தார். மனம் நெகிழ வைத்த கொடை அது. ஆனால் புல வரைபடத்தைப் பார்த்தபோது, நிலத்துக்குப் போகும் பாதை வேறொருவரின் பட்டாவில் இருந்தது. கார்த்திகை மழையில் அங்கே முழங்கால் அளவு நீர் நிற்கும் என்பதை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களே சொன்னார்கள். அவர் மனம் நோகாதபடி நன்றி கூறி விலகியது இம்முயற்சியின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. பின்னாளில் புதிய கட்டடத்தின் வாசிப்பு மேசைகளை அவரே செய்து கொடுத்தார்.

வரைபடம்

மூன்று இடங்களும் கைநழுவிய நிலையில், இடத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு வாசகரைத் தேடுவது என்று முடிவு செய்தோம். நூலகர் உறுப்பினர் பதிவேட்டைத் தந்தார். பேரூராட்சியின் வார்டு வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்து, உறுப்பினர் ஒவ்வொருவரின் தெருவிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தோம். பின்னர் ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து, பதிவேட்டில் இல்லாமல் நாளிதழ் படிக்க மட்டும் வருகிறவர்களின் தெருக்களையும் கேட்டுச் சேர்த்தோம்.

ரத வீதிகள் நான்கிலும் புள்ளிகள் மொய்த்தன. காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து காத்திருக்கும் பெரியவர்கள் அங்கிருந்தே வந்தார்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பேருந்து இறங்கும் வழியில் சிதறலாக இருந்தார்கள். அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படிப்பவர்கள் எங்கிருந்தாலும் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்துவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை இடம் ஒரு பொருட்டன்று, உட்கார நாற்காலி கிடைக்க வேண்டும், அவ்வளவே.

பீடி சுற்றும் பெண்கள் எங்களை வியக்கவைத்தார்கள். இப்பகுதியில் பல வீடுகளின் வருமானம் அந்தத் தொழிலை நம்பியே இருக்கிறது. சுற்றி முடித்த பீடியைக் கட்டுகளாக்கிக் கம்பெனிக் கடையில் ஒப்படைத்து, இலையும் தூளும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் போகிற வழியில் வார இதழும் நாவலும் எடுத்துச் செல்வார்கள். வீட்டில் ஒரு பெண் பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் மடியில் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலகங்களில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் வழக்கம் புகழ்பெற்றது. இங்கே அது வீடுகளுக்குள் நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு நூல் இரவல் போனால் பதிவேட்டில் ஒரு வாசகர். வீட்டிலோ நான்கைந்து பேர். மாடியில் நூலகம் அமைவது பற்றி அவர்களுள் ஒருவரிடம் கேட்டபோது, "படி ஏறிப் போயிப் புஸ்தகம் எடுக்கணும்னா, தட்டை யாருகிட்டக் குடுத்துட்டுப் போக அண்ணாச்சி?" என்றார். தரைத்தளமாக இருக்க வேண்டும், கம்பெனிக் கடைக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தன.

வரைபடத்தில் வெறுமையாக இருந்த பகுதியே எங்களை நெடுநேரம் நிறுத்தியது. கால்வாய்க்குத் தெற்கே உள்ள தெருக்களில் புள்ளியே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சொற்பம். அந்தத் தெருக்கள் தொலைவில் இல்லை. அங்கிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. காரணம் என்னவென்று அத்தெருவில் குடியிருந்த, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆட்கள் அந்தத் திண்ணையில ஏறி உக்காந்து பேப்பர் படிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். கூடியிருந்தவர்களில் யாரும் பார்த்ததில்லை. யாரும் தடுத்ததும் இல்லை என்று ஒருவர் சொல்ல முனைந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில்களைத் திறந்துவிட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் வெளியானது. அன்று இவ்வூரும் அந்த ஆட்சியின் கீழேயே இருந்தது. கோயில் கதவு திறந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், ரத வீதியில் ஒரு வீட்டின் திண்ணை வீட்டுத் திண்ணையாகவே இருந்திருக்கிறது. பொது நூலகம் என்று பலகை மாட்டியதால் அது பொது இடமாகிவிடவில்லை. அரங்கநாதன் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதான 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதை விளக்கும்போது, தொடக்கத்திலேயே நூலகம் அமையும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார். அவர் பேசியது ஊருக்கு ஒதுங்கிய இடங்களைப் பற்றி. எங்கள் ஊரில் நூலகம் ஊரின் நட்டநடுவே இருந்தும் ஒரு பகுதியினருக்கு ஒதுங்கியே இருந்திருக்கிறது. நூலகத்துக்கு இடம் பார்க்கையில் இப்போது வருகிறவர்கள் எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பதோடு, வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதையும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து. சதுரஅடிக் கணக்கு அதற்குப் பிறகே வர வேண்டும்.

பள்ளிக் கட்டடம்

வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கம்பெனிக் கடைக்கு ஒரு தெரு தள்ளி இருந்த அரசுத் தொடக்கப் பள்ளியின் பழைய கட்டடம் பேச்சில் வந்தது. வகுப்புகள் பின்புறம் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியபின் அது பூட்டிக் கிடந்தது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் படித்து வெளியேறிய இடம் என்பதால், அங்கே கால் வைக்க எவருக்கும் தயக்கம் இருக்காது.

தடைகள் இரண்டு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் உயிரிழந்த துயரத்துக்குப் பின், மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. இந்தக் கட்டடமும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படும் நிலையில் இருந்தது. ஆய்வுக்கு வந்த பொறியாளர் கருங்கல் சுவரையும் அடித்தளத்தையும் சோதித்து, சுவர் உறுதியாக இருப்பதாகவும் கரையான் அரித்த கூரையே அபாயம் என்றும் எழுதினார். கூரையை முற்றிலும் பிரித்துப் புதிதாகப் போட்டபின் மறு ஆய்வு செய்து உறுதித்தன்மைச் சான்று தரலாம் என்ற அந்தக் குறிப்பே கட்டடத்தைக் காப்பாற்றியது.

மற்றொன்று நில உரிமை. பள்ளி நிற்கும் மனை திருவிதாங்கூர் காலத்தில் ஒரு குடும்பம் எழுதிக்கொடுத்தது. அந்தப் பத்திரத்தில் கொல்லம் ஆண்டே இடப்பட்டிருந்தது. அதனுடன் 825 கூட்டினால் ஏறத்தாழ நம் ஆண்டு வரும். எழுத்து மங்கி, மலையாள நடை கலந்த தமிழில் இருந்த அதை வாசிக்க, புனலூரில் வாழ்ந்து திரும்பிய ஒரு பெரியவரின் உதவி தேவைப்பட்டது. 'வித்தியாப்பியாச காரியங்களுக்கு' மட்டும் இடத்தைப் பயன்படுத்த வேண்டும், தவறினால் மனை குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று அதில் நிபந்தனை இருந்தது. நூலகம் கல்விக் காரியமா, இல்லையா? எங்களுக்கு அதில் ஐயம் இல்லை. ஆனால் கோப்பில் கையெழுத்திடும் அலுவலருக்கு ஐயம் வரக் கூடாது. தமிழ்நாட்டில் பொது நூலக இயக்ககம் பள்ளிக் கல்வித் துறையின் கீழேயே இருப்பதைச் சுட்டிக்காட்டியதுடன், கொடையாளர் குடும்பத்தின் இன்றைய தலைமுறையைத் தேடிக் கண்டுபிடித்து ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கினோம். அவர்கள் மகிழ்ச்சியோடு கொடுத்தார்கள். பள்ளித் தலைமையாசிரியரின் பரிந்துரை, வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட நூலக அலுவலர் என்று கடிதம் சுற்றி வந்து, பேரூராட்சி மன்றத் தீர்மானத்துடன் ஆட்சியர் அலுவலகத்தை அடைந்தது. காலம் பிடித்தது என்பதைத் தவிர அதில் விவரிக்க ஒன்றுமில்லை.

செலவுக்கு, பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டத்தை நாடினோம். கேரளத்தில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் பெரும் பகுதியைக் கொடுத்தார்கள். நூலகம் அரசின் வேலை என்று பேசியவர்கள்கூட, பங்குத்தொகை கேட்டு வீடு தேடிப் போனபோது கதவை மூடவில்லை. பீடிப் பெண்கள் ஒரு தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்றுச் சிறு தொகைகளாகத் திரட்டித் தந்தார்கள்.

கூரைக்குத் தகரம் போடலாம் என்று ஒப்பந்தக்காரர் வலியுறுத்தினார்; செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் வாசிக்க முடியாது, சித்திரை வெயிலில் உட்காரவும் முடியாது. இரும்புச் சட்டம் அடித்து, நல்ல ஓடுகளைப் பொறுக்கித் திரும்ப வேய்ந்து, அடியில் உட்கூரை கொடுத்தோம். மேற்குச் சுவரின் சன்னல்களே சாரலின் வாசல் என்பதால் அவற்றைப் பாதியளவு அடைத்து, கிழக்கிலும் வடக்கிலும் காற்று வரத் திறப்புகளை உயர்த்தினோம். ரேக்குகளைச் சுவரிலிருந்து ஓரடி விலக்கி, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி நிறுத்தியதால் பின்புறம் கையை விட்டுத் துடைக்க முடிகிறது. ஈரம் ஏறினால் நூலைத் தொடும் முன்பே கண்ணில் படும். வாசலில் ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைந்தது. பெண்களுக்கான கழிப்பறை திட்ட மதிப்பீட்டில் முதலில் இல்லை. அது இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை என்று வாசகர் வட்டத்துப் பெண் உறுப்பினர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றது நல்லதாயிற்று.

நூல்கள் இடம் மாறிய விதம்

பங்குனியில் மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். காற்றில் ஈரம் குறைந்த காலம் அது. நூலகர் முன்னதாகவே இருப்புச் சரிபார்ப்பை முடித்திருந்தார். ரேக்குகளுக்கு எழுத்தும், தட்டுகளுக்கு எண்ணும் சாக்கட்டியால் எழுதி, அதே குறியீட்டைப் புதிய இடத்திலும் எழுதிவைத்தோம். ஒரு தட்டு நூல்கள் ஒரு கட்டு. இடமிருந்து வலமாக இருந்த வரிசை குலையாமல், முனைகளில் அட்டைத் துண்டு வைத்துச் சணலால் கட்டி, மேலே குறியீட்டுச் சீட்டு. கோணியில் கொட்டிக் கொண்டுபோனால் வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் திரும்ப அடுக்க மாதங்கள் ஆகியிருக்கும். இந்த முறையில் இறக்கிய அன்றே பெரும்பாலான தட்டுகள் பழைய ஒழுங்கில் நின்றன.

அடுக்குகளுக்கு இடையே ஒரு ரேக் நிறைய மலையாள நூல்கள் இருந்தன. ஊர் தமிழகத்தோடு இணைவதற்கு முந்தைய தலைமுறை வாசித்தவை. பல ஆண்டுகளாக இரவல் போகாதவை என்று கழிவு நீக்கப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. விதிப்படி பார்த்தால் அது தவறில்லை. ஆனால் பழைய ரயில்வேக் குடும்பங்களிலும் தோட்டங்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்களிலும் மலையாளம் வாசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; இருட்டறையில் கிடந்த நூல் இரவல் போகவில்லை என்பதை அதன் மேல் குற்றமாகச் சுமத்த முடியாது என்று நூலகர் வாதிட்டார். வெளிச்சமான இடத்தில் வைத்து ஈராண்டு பார்ப்பது என்று முடிவாயிற்று.

இப்போதைய நிலை

நூலகம் பள்ளிக் கட்டடத்தில் இயங்கத் தொடங்கி இரண்டு சாரல் பருவங்கள் கடந்துவிட்டன. புதிய உறுப்பினர் பக்கங்களில் கால்வாய்க்குத் தெற்கேயுள்ள தெருக்களின் முகவரிகள் தொடர்ந்து வருகின்றன. முதலில் பள்ளிப் பிள்ளைகள், அவர்களைத் தொடர்ந்து அவர்களின் அக்காமார், பின்னர் ஆண்கள் என்ற வரிசையில் அவர்கள் வந்தார்கள். திண்ணையை விட்டு வந்ததில் ரத வீதிப் பெரியவர்கள் சிலருக்கு வருத்தம் இருந்தது. நடக்க முடியாத இருவருக்கு நாளிதழ் நேரம் முடிந்தபின் வார இதழ்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாணவர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மலையாள ரேக்கின் முன் ஒரு நாற்காலி போடப்பட்டிருக்கிறது. இரவல் பதிவு மெதுவாகவே ஏறுகிறது.

தீராதவையும் உள்ளன. கட்டடப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்ததே தவிர, நிலம் நூலக ஆணைக்குழுவின் பெயருக்கு மாறவில்லை. அந்தக் கோப்பு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. பட்டா மாறாதவரை பள்ளி விரிவாக்கம் என்று ஒரு திட்டம் வந்தால் மீண்டும் இடம் தேட வேண்டிய நிலை ஏற்படலாம். வகுப்பு நடக்கும் நேரத்தில் பள்ளி வளாகத்துக்குள் வெளியார் வருவது குறித்து ஆசிரியர்களுக்கு இருந்த கவலை நியாயமானது. தெருப் பக்கம் தனி வாசல் திறந்து இடையில் வேலி போட்டதில் அது பெரும்பாலும் தீர்ந்தது, மதில் கட்ட நிதி கேட்டிருக்கிறோம். மேற்குச் சன்னல்களின் மேல் சாய்ப்பு போதிய நீளம் இல்லாததால் பலத்த காற்றில் இரண்டாம் ரேக் வரை தூறல் வருகிறது. சாய்ப்பை இரண்டடி நீட்டுவதற்கான மதிப்பீடு தயாராகிவிட்டது. வைகாசி முடிவதற்குள் அந்த வேலையை முடிக்கக் கொத்தனாரிடம் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறோம்.